பழுதில்லாமல் தளரும் சர்வர்

1984-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மக்குசிக், ஜாய், லெஃப்ளர், ஃபேப்ரி என்ற நால்வரின் ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. யூனிக்ஸ் கணினிகளில் அதுவரை இருந்த பழைய கோப்பு முறைமையை அளந்து பார்த்து அவர்கள் குறித்துவைத்த இரண்டு எண்கள் இன்றைக்கும் படிக்கத் தக்கவை. புதிதாக அமைத்த டிஸ்க்கில் நொடிக்கு 175 கிலோபைட் வரை தரவு நகர்ந்தது. சில வாரங்கள் சாதாரணமாகப் பயன்படுத்திய பிறகு அதே டிஸ்க் நொடிக்கு 30 கிலோபைட்தான் கொடுத்தது. எந்தப் பாகமும் கெடவில்லை, ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. காலியிடங்களின் பட்டியல் மட்டும் கலைந்துபோயிருந்தது. புதுக் கோப்புகள் கிடைத்த இடத்திலெல்லாம் சிதறி உட்கார்ந்தன.

அப்போது அதற்கு இருந்த வைத்தியம், எல்லாக் கோப்புகளையும் வேறிடத்துக்கு எடுத்து, டிஸ்க்கைப் புதிதாக அமைத்து, மறுபடி கொண்டுவந்து போடுவது. நாற்பது ஆண்டுகள் கழித்து, நெட்வொர்க் வழியாகப் பலரும் கோப்பு வைக்க அலுவலக மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் நாஸ் பெட்டிக்கும் பல சமயம் இதே வைத்தியம்தான் மிஞ்சுகிறது.

நால்வரும் கண்ட தீர்வு எளிமையானது. டிஸ்க்கைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு கோப்பின் பகுதிகளை முடிந்தவரை ஒரே வட்டாரத்தில் வைத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: டிஸ்க்கில் 10 சதவீதம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். காலியிடம் முழுக்கத் தீர்ந்துபோனால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்று அவர்களே எழுதிவைத்தார்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை இன்றும் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கிவைக்கிறது. அந்த 5 சதவீதமும் வீணாகக் கிடக்கிறதே என்று அதை ஒரு கட்டளையில் மீட்டுத்தரும் கெட்டிக்காரர் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடம் ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

ரயிலில் முன்பதிவு செய்தவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. முன்பதிவு திறந்த நாளிலேயே ஆறு பேருக்குக் கேட்டால் ஒரே பெட்டியில் அடுத்தடுத்து இடம் கிடைக்கும். பொங்கலுக்கு முந்தைய வாரம் கேட்டால் எஸ்3-இல் இரண்டு, எஸ்7-இல் ஒன்று, எஸ்11-இல் மூன்று. ஆறு பேரும் ஊர் போய்ச் சேர்வார்கள்தான். ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுக்க ஒருவர் ரயில் முழுக்க நடக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் அப்படி நடப்பது தரவைப் படிக்கும் அதன் ஹெட்.

அந்த நடைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடலாம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். வேண்டிய பிளாக் ஹெட்டின் கீழே வரச் சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லிநொடி, காத்திருக்க வேண்டும். ஹெட் தடம் மாற இன்னொரு 8 மில்லிநொடி. ஆகமொத்தம் ஒரு தாவலுக்குச் சுமார் 12 மில்லிநொடி. நொடிக்கு எண்பதுக்குச் சற்று மேல். இப்போது 1 ஜி.பி. கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே நீளமாகக் கிடந்தால், நொடிக்கு 180 எம்.பி. படிக்கும் டிஸ்க் அதை ஆறு நொடிக்குள் முடித்துவிடும். அதே கோப்பு 10,000 துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் தாவலுக்கு மட்டும் 120 நொடி. ஆறு நொடி வேலை இரண்டு நிமிடத்தைத் தாண்டுகிறது.

எஸ்.எஸ்.டி.யில் ஹெட் இல்லை. இந்தக் கணக்கின் பெரும்பகுதி அங்கே செல்லாது. முழுக்கத் தப்பிவிடுவதும் இல்லை. துண்டுகள் கூடக்கூட ஒரு கோப்பைப் படிக்கக் கணினி விடுக்கும் கோரிக்கைகளும், துண்டுகளின் முகவரிக் குறிப்புகளும் பெருகும். ஆனால் பல டெராபைட்டுகளைக் குறைந்த செலவில் வைக்க நாஸ் பெட்டிகளில் இன்னமும் சுழலும் டிஸ்க்குகளைத்தான் போடுகிறார்கள். அதனால் அவற்றைப் பற்றியே பேசுவோம்.

'அதெல்லாம் விண்டோஸ் 98 காலத்துக் கதை, லினக்ஸில் ஃபிராக்மென்டேஷன் கிடையாது' என்று அடிக்கடி கேட்கிறோம். பாதி உண்மை. எக்ஸ்ட்4, எக்ஸ்.எஃப்.எஸ். போன்றவை எழுத வேண்டியதை உடனே எழுதாமல் கொஞ்ச நேரம் நினைவகத்தில் சேர்த்துவைத்து, மொத்தமாக இடம் பார்த்து எழுதுகின்றன. அதனால் சிதறல் குறைகிறது; ஒழியவில்லை. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் லினக்ஸ் மூலநிரலின் கிட் வரலாற்றை ஆயிரக்கணக்கான படிகளாக டிஸ்க்கில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு அந்தக் கோப்புகளைப் படிக்க ஆகும் நேரத்தையும், அவற்றையே புதிதாக நகலெடுத்துப் படிக்க ஆகும் நேரத்தையும் ஒப்பிட்டார்கள். எக்ஸ்ட்4, எக்ஸ்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ்., இசட்.எஃப்.எஸ். எல்லாம் வயதாகித் தளர்ந்தன. டிஸ்க் நிறையக் காலியாக இருந்தபோதும் தளர்ந்தன என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

தனிக் கணினியில் பெரும்பாலும் ஒருவர்தான் எழுதுகிறார். நாஸ் பெட்டியில் இருபது பேர் ஒரே சமயத்தில் எழுதுகிறார்கள். அவர்களில் பாதி மனிதர்களே அல்ல. 16 கண்காணிப்பு கேமராக்கள் தலா 4 மெகாபிட் அனுப்பினால் மொத்தம் நொடிக்கு 8 எம்.பி.தான். டிஸ்க்குக்கு இது தூசு. ஆனால் 16 கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் வளர்கின்றன. பதிவு மென்பொருள் ஒவ்வொரு கோப்புக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கிக்கொண்டால் வம்பில்லை. இரண்டு நொடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் எழுதியே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் மென்பொருளானால், கோப்புகள் சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடும். நாளொன்றுக்குச் சுமார் 690 ஜி.பி. இப்படி வந்து சேர்கிறது. டிஸ்க் நிறைந்ததும் மிகப் பழையதை அழித்து அந்தத் துளைகளில் புதியதை எழுதுவதுதான் கண்காணிப்புப் பதிவின் வாடிக்கை. அதாவது அந்த டிஸ்க் வாழ்நாள் முழுவதும் பொங்கலுக்கு முந்தைய வாரத்திலேயே இருக்கிறது.

டொரன்ட் இறக்கமும் இதே ரகம். துண்டுகள் வரிசையாக வருவதில்லை. 900-ஆவது முதலில் வரும், 12-ஆவது அரைமணி கழித்து வரும். முன்ஒதுக்கீட்டை அணைத்துவைத்திருந்தால் வந்த வரிசையில்தான் டிஸ்க்கில் உட்காரும்.

இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. அது குறையிலிருந்து வந்தது அல்ல, ஒரு நல்ல குணத்திலிருந்து வந்தது. 1990-களின் தொடக்கத்தில் நெட்ஆப் நிறுவனம் நாஸ் சர்வருக்கென்றே வாஃபில் என்ற கோப்பு முறைமையை உருவாக்கியது. பழைய பிளாக்கின் மேல் எழுதாமல், எங்கே வசதியோ அங்கே புதிதாக எழுதிவிட்டு முகவரியை மட்டும் மாற்றுவது அதன் வழி. பின்னர் சன் நிறுவனத்தின் இசட்.எஃப்.எஸ்., லினக்ஸின் பி.டி.ஆர்.எஃப்.எஸ். இரண்டும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. இன்று ட்ரூநாஸ் பெட்டிக்குள் இருப்பது இசட்.எஃப்.எஸ்.; சைனாலஜி பெட்டிகள் பலவற்றில் பி.டி.ஆர்.எஃப்.எஸ். நடு வேலையில் மின்சாரம் போனாலும் பழைய பிரதி அப்படியே இருக்கும். அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை நொடிப்பொழுதில் எடுக்கலாம். ரான்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். இதற்கெல்லாம் கொடுக்கும் விலைதான் சிதறல்.

எப்படி என்றால், மெய்நிகர் கணினி ஒன்றின் 100 ஜி.பி. டிஸ்க் படிமத்தை இதில் வைக்கிறோம். முதல் நாள் ஒரே நீளமாகக் கிடக்கிறது. உள்ளே ஓடும் தரவுத்தளம் அங்கொன்றும் இங்கொன்றுமாக 16 கே.பி. திருத்துகிறது. பழைய முறையில் திருத்தம் அதே இடத்தில் நடக்கும். இங்கே ஒவ்வொரு திருத்தமும் வேறிடத்துக்குக் குடிபெயர்கிறது. மணிக்கொரு ஸ்னாப்ஷாட் இருந்தால் காலியான பழைய இடமும் விடுபடாது. ஆறு மாதம் கழித்து அந்தப் படிமத்தை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் ஒரே வேலை இரவு பேக்கப்தான். எட்டு மணிக்குத் தொடங்கி பத்துக்கு முடிந்துகொண்டிருந்த பேக்கப், காலையில் ஆட்கள் வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழித்தால் இடம் திரும்பக் கிடைக்கும், ஆனால் சல்லடைக் கண்களாகத்தான் கிடைக்கும்.

இவ்வளவு நடந்தும் ஏன் யாருக்கும் தெரிவதில்லை? கேபிள் மறைத்துவிடுகிறது. ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 125 எம்.பி.தான் உச்சவரம்பு, கைக்குக் கிடைப்பது 110 அளவில். நான்கு டிஸ்க் போட்ட பெட்டி, கோப்புகள் ஒழுங்காகக் கிடந்தால் 400 எம்.பி.க்கு மேல் படிக்கும். அது 300 ஆனாலும் 200 ஆனாலும் கேபிளின் மறுமுனையில் இருப்பவருக்கு அதே 110-தான். பெட்டி தன் திறனில் முக்கால்வாசியை இழந்த பிறகுதான் முதல் புகார் வரும். அந்தப் புகாரும் 'நெட்வொர்க் ஸ்லோ' என்றுதான் வரும். உடனே 10 கிகாபிட் சுவிட்ச் வாங்குகிறார்கள். அதனால் ஒன்றும் மாறாது.

சுவிட்சுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் செய்யக்கூடிய சோதனை இருக்கிறது. ஐபெர்ஃப்3 கருவியால் நெட்வொர்க்கை மட்டும் தனியே அளக்கலாம். அது 900 மெகாபிட்டுக்கு மேல் காட்டினால் கேபிள் குற்றமற்றது. பிறகு பெட்டிக்குள்ளேயே புகுந்து, பல வாரங்களாகத் தொடாத பெரிய கோப்பு ஒன்றைப் படித்துப் பார்க்க வேண்டும். நேற்று எழுதிய கோப்பு வேண்டாம், அது நினைவகத்திலிருந்தே வந்துவிடும். படிக்கும்போது ஐஓஸ்டாட் கருவியில் டிஸ்க்குகள் 100 சதவீதம் மூச்சுமுட்டிக்கொண்டு நொடிக்குப் பத்துப் பதினைந்து எம்.பி. மட்டும் தந்தால், ஹெட் படிப்பதைவிட அதிகம் அலைகிறது என்று பொருள்.

எண்களைப் படிப்பதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. எக்ஸ்.எஃப்.எஸ். காட்டும் சிதறல் சதவீதம் முதல் பொறி. கோப்புகள் சராசரியாகப் பத்துத் துண்டு என்றால் அது 90 சதவீதம் என்று காட்டும். 4 ஜி.பி. கோப்பு பத்துத் துண்டாக இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. 90 என்ற எண்ணைப் பார்த்துத்தான் நெஞ்சு அடைக்கும். இரண்டாவது, இசட்.எஃப்.எஸ்.-இல் 'ஃபிராக்' என்ற தலைப்பின் கீழ் வரும் எண். அது கோப்புகளின் சிதறலே அல்ல, மிஞ்சியிருக்கும் காலியிடத்தின் சிதறல். கோப்புகள் தூள்தூளாகக் கிடந்தாலும் அது 5 என்று காட்டலாம். மூன்றாவது, சுருக்கம் போட்ட பி.டி.ஆர்.எஃப்.எஸ்.-இல் ஃபைல்ஃபிராக் கருவி சொல்லும் கணக்கு. சுருக்கிய துண்டு ஒவ்வொன்றும் 128 கே.பி.க்கு மேல் போகாது என்பதால், ஒழுங்காக அடுத்தடுத்துக் கிடக்கும் கோப்பும் ஆயிரம் துண்டாகத் தெரியும். எக்ஸ்ட்4-இல்கூட ஒரு துண்டின் உச்ச அளவு 128 எம்.பி.தான்; 1 ஜி.பி. கோப்புக்கு எட்டுத் துண்டு என்பது பூரண ஆரோக்கியம்.

வேகம் குறைவது எரிச்சல், அவ்வளவுதான். மோசமான நாளில்தான் சிதறல் தன் முழு உருவத்தைக் காட்டும். ஒரு டிஸ்க் போய் புதியதை மாட்டி மீட்டுக்கட்டும்போது பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் லினக்ஸின் சாதாரண ரெய்டு முதல் பிளாக்கிலிருந்து கடைசிவரை வரிசையாகப் போவதால் சிதறல் அதைத் தொடாது. இசட்.எஃப்.எஸ். அப்படி அல்ல, கோப்புகளின் மரத்தைப் பிடித்துக்கொண்டு போகும். லினக்ஸுக்கான இசட்.எஃப்.எஸ்.-இல் 2019-இல் வந்த 0.8 பதிப்பில்தான் முகவரிகளை முதலில் திரட்டி வரிசைப்படுத்திவிட்டுப் படிக்கும் ஏற்பாடு சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பு ஓடும் பழைய பெட்டி உங்களிடம் இருந்தால், சிதறிய தொகுதியை மீட்டுக்கட்ட மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் ஆகலாம். அத்தனை நாளும் இன்னொரு டிஸ்க் போகாமல் இருக்க வேண்டும்.

இதில் டிஸ்க்கின் வகையும் சேர்ந்துகொள்ளும். 2020 ஏப்ரலில், நாஸுக்கென்றே விற்ற தன் ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில் எஸ்.எம்.ஆர். முறையைப் பயன்படுத்தியிருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது. ஓடு வேய்வதுபோலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடுக்கும் முறை அது. நடுவே ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே உள்ளவற்றையும் எடுத்து மறுபடி வேய வேண்டும். சிதறிச் சிதறி எழுதும் வேலைக்கு இதைவிடப் பொருந்தாத டிஸ்க் இல்லை. வாங்கும்போது, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான நாள், கோப்பு முறைமையின் அட்டவணையே அழிந்துபோகும் நாள். அப்போது மீட்பு மென்பொருள்கள் கோப்பின் தலைப்பகுதியை அடையாளம் கண்டு, அதைத் தொடர்ந்து வரிசையாக இருப்பதை அள்ளிக்கொண்டு வரும். கோப்பு ஒரே நீளமாக இருந்தால்தான் இது நடக்கும். சிம்சன் கார்ஃபிங்கல் என்ற ஆய்வாளர் பழைய சந்தையில் வாங்கிய முந்நூறுக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைச் சோதித்து 2007-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஜேபெக் படங்களில் 16 சதவீதமும் அவுட்லுக் அஞ்சல் கோப்புகளில் 58 சதவீதமும் துண்டாகிக் கிடந்தன. அவை தனிக் கணினி டிஸ்க்குகள். இருபது பேர் எழுதும் பெட்டியில் இதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

சரி, சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக் ஓட்டிவிடலாமே என்ற எண்ணம் வரும். இங்கேதான் உண்மையான ஆபத்து. எக்ஸ்ட்4-க்கும் எக்ஸ்.எஃப்.எஸ்.-க்கும் உரிய கருவிகள் பெரிதாகக் கெடுதல் செய்யாது. ஆனால் அவற்றுக்கே நீளமான காலியிடம் வேண்டும், 95 சதவீதம் நிறைந்த டிஸ்க்கில் அது இருக்காது. பி.டி.ஆர்.எஃப்.எஸ்.-இல் விஷயம் வேறு. கோப்பும் அதன் ஸ்னாப்ஷாட்டுகளும் ஒரே பிளாக்குகளைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. டீஃபிராக் ஓட்டினால் கோப்பு புது இடத்துக்குப் போகும். ஸ்னாப்ஷாட் பழைய இடத்தை விடாது. பங்கு முறிந்து இரண்டு பிரதியாகிறது. 10 டி.பி. பெட்டியில் 6 டி.பி. கோப்பும் அதே அளவு பங்கிட்ட ஸ்னாப்ஷாட்டும் இருந்தால், டீஃபிராக் முடியும் முன்பே பெட்டி நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு அழிப்பதும் கடினம், ஏனென்றால் இந்த முறையில் அழிப்பதற்கும் புதிதாக எழுத இடம் வேண்டும். ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்துப் பார்க்கும் டீஃபிராக் ஒருகாலத்தில் லினக்ஸில் இருந்தது. நினைவகத்தை விழுங்கியதால் 3.14 பதிப்பில் அதை அணைத்துவிட்டார்கள்.

விண்டோஸ் பக்கமிருந்தும் இந்த வம்பு வரும். நெட்வொர்க் டிரைவாக இணைத்த பங்கை விண்டோஸ் டீஃபிராக் தொடாது. ஆனால் ஐஸ்கஸி வழியாகக் கொடுத்த தொகுதி விண்டோஸுக்குச் சொந்த டிஸ்க்காகவே தெரியும். வாராந்திரப் பராமரிப்பு அதை ஒழுங்குபடுத்துவதாக நினைத்துக்கொண்டு கோப்புகளை இடம் மாற்றும். அடியில் இருக்கும் பெட்டிக்கு அது வெறும் புது எழுத்து. மேலே வரிசை ஒழுங்காகத் தெரியும். அடியில் கலைந்து, ஸ்னாப்ஷாட்டுகளும் வீங்கும். அந்தத் தொகுதிக்கு மட்டுமாவது வாராந்திரப் பராமரிப்பை அணைத்துவையுங்கள்.

இசட்.எஃப்.எஸ்.-க்கு வழக்கமான டீஃபிராக் கருவியே கிடையாது. தொகுதியை வேறு பெட்டிக்கு அனுப்பி, திரும்பப் பெற்றுக்கொள்வதுதான் நடைமுறை. 1984 கட்டுரைக்கு முந்தைய அந்தப் பழைய வைத்தியமும் இதுதான்.

ஆகவே செய்ய வேண்டியதெல்லாம் வருமுன் செய்ய வேண்டியவை. பெட்டி நிறைந்துவரும்போது ட்ரூநாஸ் எச்சரிக்கை அனுப்புகிறது, அதை அணைக்காதீர்கள். கேமராப் பதிவுக்கும் டொரன்ட்டுக்கும் தனி டிஸ்க் கொடுங்கள்; அலுவலகக் கோப்புகளோடு கலக்க விடாதீர்கள். மெய்நிகர் கணினிகளை எஸ்.எஸ்.டி. தொகுதிக்கு மாற்றுங்கள். பி.டி.ஆர்.எஃப்.எஸ்.-இல் அவை இருக்கும் கோப்புறைக்கு மட்டும் இடம் மாற்றி எழுதுவதை அணைக்கலாம், ஆனால் தரவு கெட்டதா என்று சரிபார்க்கும் செக்சம் பாதுகாப்பும் அதோடு போய்விடும். தரவுத்தளத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மணிக்கொரு ஸ்னாப்ஷாட்டை இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டால் போதும், ஓராண்டுக்குச் சேர்க்க வேண்டாம்.

கூடுதல் டிஸ்க் வாங்குவதாக இருந்தால் பெட்டி 80 சதவீதத்தில் இருக்கும்போதே வாங்குங்கள். 97-க்கு வந்த பிறகு வாங்கிச் சேர்த்தால் புதுக் கோப்புகளுக்கு மட்டும்தான் நல்ல இடம் கிடைக்கும். ஏற்கெனவே சிதறிய கோப்புகள், யாராவது நகலெடுத்து மறுபடி எழுதும்வரை, கிடந்த இடத்திலேயே கிடக்கும்.